ஒதுக்கிவைத்தால் கோபம் எங்கே போகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர்ப் பக்கம் இருக்கும் தமிழ் வாசகர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நூலைப் பேசுகிறோம். இந்தமுறை எடுத்துக்கொண்ட பொருள், சமூகம் விலக்கிவைத்தவர்கள் வன்முறைக்குத் திரும்பும் கதைகள். கூட்டத்திலும் அப்புறம் வாட்ஸப்பிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் உளவியல் படித்தவளும் இல்லை, வாசகி, அவ்வளவுதான்.

ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் வன்முறையில் இறங்கிவிடுவார்களா?

இல்லை. அப்படி இறங்கினால் இந்த நகரம் ஒரு வாரம் தாங்காது. பெரும்பாலானவர்கள் சத்தமில்லாமல் விலகிப் போகிறார்கள். சிலர் ஊரை மாற்றுகிறார்கள், சிலர் வேறு கூட்டத்தைத் தேடிக்கொள்கிறார்கள். சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள். அடுத்தவர்மேல் கை ஓங்குபவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் ஏன் அப்படிப் போனார்கள் என்பதுதான் கேள்வி.

பிறகு ஏன் இலக்கியம் முழுக்க அந்தச் சிலரைப் பற்றியே இருக்கிறது?

ஒதுங்கிப் போனவனுக்குக் கதை கிடையாது, திரும்பி வந்தவனுக்குத்தான் உண்டு. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ (1818) இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு விஞ்ஞானி உயிர்கொடுத்து உருவாக்கும் படைப்புக்குப் பெயர்கூட இல்லை. உருவாக்கியவனே முதல் பார்வையில் அருவருத்து ஓடிவிடுகிறான். அது காட்டுக்குடிசை ஒன்றின் பக்கத்தில் ஒளிந்திருந்து, உள்ளே வாழும் குடும்பத்தைப் பார்த்தே பேசவும் படிக்கவும் கற்கிறது, இரவில் அவர்களுக்கு விறகு வெட்டி வைக்கிறது. குடும்பத்துப் பெரியவர் பார்வையில்லாதவர். அவரிடம் தனியாகப் பேசும்போது அவர் அன்பாகவே பேசுகிறார். பிள்ளைகள் உள்ளே வந்து பார்த்ததும் அடி விழுகிறது. அதற்குப் பிறகும் ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணை அது காப்பாற்றுகிறது, கைம்மாறாகத் துப்பாக்கிச் சூடு கிடைக்கிறது.

இதுவரை படிப்பவர்கள் எல்லோரும் அதன் பக்கம்தான் நிற்பார்கள். அடுத்து அது முதலில் கொல்வது யாரை? தன்னை உருவாக்கியவனை இல்லை, அவனுடைய சின்னத் தம்பியை. அந்தப் பழி வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மேல் விழுந்து அவள் தூக்கில் தொங்குகிறாள். ஷெல்லிக்கு அப்போது இருபது வயதுதான். ஆனால் அடி எந்தத் திசையில் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒதுக்கியவன் எட்டாத உயரத்தில் இருப்பான், பக்கத்தில் இருக்கும் எளியவர்மேல்தான் அது விழும்.

தமிழில் இப்படி ஒரு பாத்திரம் உண்டா?

உண்டு. எல்லோரும் திட்டும் பாத்திரம்தான்: கூனி.

ராமன் சிறுவயதில் உண்டைவில்லில் மண் உருண்டை வைத்து அவள் முதுகில் அடித்து விளையாடியிருக்கிறான். முடிசூட்டு விழாவுக்கு அயோத்தி அலங்காரமாகும் வேளையில், கைகேயியின் அரண்மனைக்குப் போகும் கூனிக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. ‘பண்டைநாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்’ என்கிறார் கம்பர். வால்மீகி இப்படி ஒரு காரணத்தைச் சொல்வதில்லை. கூனில் உண்டை தெறித்த கதை நம்மாழ்வார் பாசுரத்திலும் வருகிறது. தமிழ்நாட்டில் ஏற்கெனவே வழங்கிய விளையாட்டுக் கதையை எடுத்து, கம்பர் அதை ஒரு ராஜ்ஜியம் கவிழ்ந்ததற்கான வேராக ஆக்கிவிட்டார்.

இன்னும் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கிட்கிந்தா காண்டத்து அரசியற் படலத்தில், புதிதாக முடிசூடிய சுக்கிரீவனுக்கு ராமன் அறிவுரை சொல்கிறான்: ‘சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல்’. சொல்லிவிட்டு, இந்த நெறியை மீறித் தான் ஒரு தீமை செய்ததாகவும், அதனால்தான் கூனியால் துயரக் கடலில் விழுந்ததாகவும் தன் வாயாலேயே சொல்கிறான். நாயகனையே இப்படிச் சொல்லவைத்த காவியம் நம்மிடம் இருக்கிறது. பட்டிமன்றங்களில் கூனியை வில்லியாக்கிக் கைதட்டல் வாங்குவதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

கூனியிடம் இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவள் கை ஓங்கவில்லை. அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அரசியின் காது. அதனால்தான் அவளுடைய அடி நேராக மேலே போனது. இது அபூர்வம்.

கர்ணன்?

கர்ணன் என்றாலே நமக்குக் கண் கலங்கிவிடும். 1964-ல் வந்த சினிமாவுக்கும் அதில் பங்கு உண்டு. அரங்கேற்றக் களத்தில் கிருபர் குலம் கேட்கிறார், பீமன் ‘போய்ச் சாட்டையை எடு’ என்ற பாணியில் கேலி செய்கிறான், துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அணைத்துக்கொள்கிறான். அவமானப்பட்டவனை முதலில் அணைப்பது யார் என்பதைப் பொறுத்து அவன் வாழ்க்கை திசை மாறுகிறது. இதை மகாபாரதம் அளவுக்குத் தெளிவாகச் சொன்ன கதை வேறு இல்லை என்பது என் எண்ணம். இன்று தெருவில் ஆள் சேர்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: எல்லோரும் சிரித்த பையனைத் தேடிப்பிடித்துத் தோளில் கைபோடுகிறார்கள்.

ஆனால் சூதாட்ட மண்டபத்தை விட்டுவிட்டுக் கர்ணனைப் பேசக்கூடாது. திரௌபதியை இழிவாகப் பேசி, உடையைக் களையச் சொல்பவன் அவன். பிறப்பால் பட்ட அவமானத்தை, சபையில் தனியாக நிற்கும் ஒரு பெண்மேல் இறக்கிவைக்கிறான். அதையும் சேர்த்துத்தான் வியாசர் எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் கதை. ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்க உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் பூங்காவில் இருந்தபோது, முன்பின் தெரியாத இருவர் விளையாடிய எறிதட்டு அவர்மேல் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்கள் திருப்பி இவருக்கு எறிந்தார்கள், கொஞ்ச நேரம் மூவருமாக விளையாட்டு நடந்தது. பிறகு அவர்கள் இவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே எறிந்துகொண்டார்கள். யாரென்றே தெரியாதவர்கள் விலக்கியதற்கே இவ்வளவு வலியா என்று அவருக்கு வியப்பு. அதிலிருந்து பிறந்ததுதான் ‘சைபர்பால்’ என்ற கணினிப் பந்து விளையாட்டு, அதில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்துவிடுவார்கள். 2003-ல் அவரும் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லிபர்மன் ஆகியோரும் அதை வைத்து மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உடல் வலி தரும் துன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று, விளையாட்டில் பந்து வராதபோதும் இயங்கியது.

சரி, வலிக்கிறது. அந்த வலி எப்போது அடியாக மாறுகிறது? 2001-ல் ஜீன் ட்வெங்கி குழுவினர் சில மாணவர்களிடம், ‘உங்கள் குணத்தைப் பார்த்தால் வயதான பிறகு தனியாகத்தான் இருப்பீர்கள் போல’ என்று பொய்யாகச் சொன்னார்கள். வேறு சிலரிடம், ‘உங்களுக்கு விபத்துகள் நேரும் போல’ என்றார்கள். இரண்டும் கெட்ட செய்திதான். ஆனால் தனிமை என்று கேட்டவர்களே பிறகு தங்களைச் சீண்டியவரிடம் கடுமையாக நடந்துகொண்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2006-ல் வந்த இன்னொரு ஆய்வு. வேய்ன் வார்பர்ட்டன், வில்லியம்ஸ், டேவிட் கெய்ர்ன்ஸ் செய்தது. விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு எரிச்சலூட்டும் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அந்தச் சத்தம் எப்போது வரவேண்டும் என்று தாங்களே தீர்மானிக்கும் பொத்தானைக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. அடுத்து, காரம் பிடிக்காத ஒருவருக்குச் சாப்பிடக் காரச் சாஸ் ஊற்றச் சொன்னார்கள். பொத்தான் இல்லாதவர்கள் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் ஊற்றினார்கள். பொத்தான் கையில் இருந்தவர்கள், ஒதுக்கப்படாதவர்கள் அளவுக்கே சாதாரணமாக இருந்தார்கள். சத்தம் அதேதான், ஒதுக்கலும் அதேதான். தன் கையில் ஏதோ ஒன்றாவது இருக்கிறது என்ற உணர்வு மட்டும்தான் வித்தியாசம்.

ஆய்வகத்துச் சாஸும் தெருவில் தூக்கும் கத்தியும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள்.

மும்பையில் தமிழர்களே அடிபட்டிருக்கிறார்கள். அதை இந்தக் கண்ணோட்டத்தில் எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விதான் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது. தாத்தா, அப்பா காலத்துக் கதைகள் எல்லாம் வெளியே வந்தன.

மகாராஷ்டிரம் 1960 மே 1 அன்று தனி மாநிலமானது. தலைநகரம் நம்முடையது, ஆனால் அலுவலக வேலைகளில் நாம் இல்லை என்ற எண்ணம் மராத்தி இளைஞர்களிடம் பலமாக இருந்தது. பால் தாக்கரே 1960-ல் தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. ‘படித்துவிட்டுச் சும்மா இரு’ என்று தலைப்பிலேயே உசுப்பியது. 1966 ஜூன் 19 அன்று அவருடைய சிவசேனா கட்சி தொடங்கியது. ‘ஹட்டாவ் லுங்கி, பஜாவ் புங்கி’ (லுங்கியை விரட்டு, ஊதலை ஊது) என்ற முழக்கத்தை இன்றும் மாட்டுங்காவில் பழைய ஆட்கள் சொல்லிக் காட்டுவார்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அவற்றை நடத்தியவர்களில் பெரும்பாலோர் துளு, கன்னடம் பேசியவர்கள் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. எல்லோரும் ‘மதராசி’தான்.

இதில் ஒதுக்கப்பட்டவர் யார்? தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று நம்பியவர்கள் அடித்தார்கள். அந்த நம்பிக்கையில் உண்மையும் கலந்திருந்தது. வேலையில்லாத இளைஞனின் ஏக்கம் பொய்யில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்கு ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு உடையும் குறியாகக் கொடுக்கப்பட்டன. அலுவலகத்தில் சுருக்கெழுத்து வேலை பார்த்தவர் பேண்ட் போட்டுக்கொண்டு ரயிலேறினார். லுங்கி கட்டியவர் தாராவித் தோல் பதனிடும் இடங்களிலும் தெருவோரத்திலும் இருந்த கூலியாள். அவருக்கும் அந்த அலுவலக வேலைகளுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்படியானால் வறுமையும் வேலையின்மையும்தான் உண்மையான காரணமோ?

அதுமட்டும் இல்லை. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 2.5 லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டார்கள். பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆலைப் பகுதியிலிருந்து சில பிள்ளைகள் தாதா கும்பல்களுக்குப் போனார்கள், அதை வைத்துப் படங்களும் வந்துவிட்டன. ஆனால் மற்றவர்கள்? கொங்கண் கிராமத்துக்குத் திரும்பினார்கள், வடாபாவ் வண்டி போட்டார்கள், காவலாளி ஆனார்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

சாதி? காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள்தானே அதிகம் வன்முறை செய்திருக்க வேண்டும்?

இங்கேதான் ‘ஒதுக்கினால் அடிப்பார்கள்’ என்ற எளிய சூத்திரம் உடைகிறது. நம் நாட்டில் ஒதுக்கியவர்களின் வன்முறைதான் அதிகம்.

1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய்ப் பொதுக் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, சாதி இந்துக்கள் அவர்களைத் தாக்கினார்கள். திருப்பி அடிக்கும் அளவுக்கு ஆட்கள் இருந்தும் அமைதியாக இருக்கச் சொன்னவர் அம்பேத்கர். நம் பக்கத்துக்கு வந்தால் கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25. கூடுதல் நெல் கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். எரித்தது நிலவுடைமையாளர் தரப்பு. அவர்களை யாரும் எதிலிருந்தும் விலக்கவில்லை. தங்கள் இடம் கொஞ்சம் ஆடுகிறது என்று நினைத்தார்கள், அவ்வளவே.

அதனால் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: விலக்கப்பட்ட வலி மட்டும் கையை ஓங்கவைப்பதில்லை. ‘இது எனக்குச் சேர வேண்டியது, பறித்துவிட்டார்கள்’ என்ற எண்ணம் அதோடு சேரவேண்டும். அடித்தால் தட்டிக்கேட்க ஆளில்லாத ஒருவர் எதிரில் இருக்கவேண்டும்.

ஒருதலைக் காதலில் கொலை, ஆசிட் வீச்சு – இவையும் நிராகரிப்பால் வந்தவைதானே?

செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன: ‘காதலை ஏற்க மறுத்ததால் ஆத்திரம்’. வாக்கியத்தைப் பாருங்கள், மறுத்தவள்மேல் பழி போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று சொல்வது சமூக விலக்கு ஆகாது. அவனுக்கு வீடு இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், வேலைகூட இருக்கலாம். அவனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை, ஏனென்றால் அவள் அவனுடையவளாக ஒருபோதும் இருந்ததில்லை. மேலே சொன்ன ‘எனக்குச் சேர வேண்டியது’ என்ற நினைப்புதான் இங்கே முழுக்க முழுக்க வேலை செய்கிறது. அந்த நினைப்பை வளர்த்ததில் நம் சினிமாவுக்கும் பங்கு உண்டு. பெண் மறுக்க மறுக்கப் பின்னால் சுற்றுவதைப் பல ஆண்டுகளாகக் காதல் என்றே காட்டிவந்திருக்கிறோம்.

சட்டம் தாமதமாகத்தான் விழித்தது. ஆசிட் வீச்சைத் தனிக் குற்றமாக்கி இந்திய தண்டனைச் சட்டத்தில் 326ஏ பிரிவு 2013-ல் வந்தது, குறைந்தது 10 ஆண்டு சிறை. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 124-ஆவது பிரிவு. அதே 2013-ல் உச்ச நீதிமன்றம், அடையாள அட்டை காட்டாதவர்களுக்கும் 18 வயது நிரம்பாதவர்களுக்கும் ஆசிட் விற்கக்கூடாது என்றது.

ஒதுக்கப்பட்டும் வேறு வழியில் போனவர்கள் இலக்கியத்தில் உண்டா?

மணிமேகலையில் ஆபுத்திரன். பிறந்ததும் தாயால் கைவிடப்பட்டவன். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போனதற்காக அடி வாங்குகிறான், வளர்த்த தந்தையும் விரட்டிவிடுகிறார். பிச்சைக்குப் போனால் ஓட்டில் கல்லைப் போடுகிறார்கள். அந்த ஓட்டோடு மதுரைக்கு வந்து, கிடைத்ததைப் பார்வையற்றோர், செவி கேளாதோர், நடக்க முடியாதோர் என்று எல்லோரையும் அழைத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் உண்கிறான். அமுதசுரபி கைக்கு வருவது அதற்கப்புறம்தான். தெய்வம் பாத்திரம் கொடுத்ததால் நல்லவன் ஆனான் என்று சாத்தனார் எழுதவில்லை, வெறும் ஓடு வைத்திருந்தபோதே அவன் அப்படித்தான் இருந்தான். கையில் ஒரு வேலை, தன்னை நம்பிச் சிலர். அந்தச் சாஸ் ஆய்வைப் படித்தபோது எனக்கு ஆபுத்திரன் ஞாபகம் வந்தது.

எல்லோரும் ஆபுத்திரன் ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம்தான். அடிபட்டவனிடமே பொறுமையையும் கேட்பது வசதியானவர்களின் பழக்கம். கோபத்தைக் கோபமாகவே எழுதியவர்களும் உண்டு. மும்பையிலேயே மராத்தி தலித் கவிஞர் நாம்தேவ் தசால் இருந்தார். பாலியல் தொழில் நடக்கும் காமாத்திபுராவை ஒட்டிய பகுதியில் வளர்ந்தவர், டாக்ஸி ஓட்டியவர். 1972-ல் அவருடைய ‘கோல்பிட்டா’ கவிதைத் தொகுப்பு வந்தது, அதே ஆண்டு தலித் பேந்தர்ஸ் இயக்கமும் பிறந்தது. அந்தக் கவிதைகளில் ரத்தமும் வசவும் வழிகின்றன. இயக்கமும் மோதல்களிலிருந்து முழுக்க விலகியிருக்கவில்லை, 1974 ஜனவரியில் வொர்லியில் கலவரமே நடந்தது. ஆனாலும் அந்தக் கோபத்தின் பெரும்பகுதி தாளுக்கும் மேடைக்கும்தான் போயிற்று. மராத்திக் கவிதையின் பேச்சே அதற்குப் பிறகு மாறிப்போனது.

வன்முறையாளனைப் புரிந்துகொள்வது என்றால் அவனை மன்னிப்பதா?

இல்லை. ஷெல்லி அந்தப் படைப்பின் பேச்சைப் பக்கம் பக்கமாகக் கேட்கவைக்கிறார், செத்த குழந்தையையும் கண்முன்னே கிடத்துகிறார். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் நாவல் விழுந்துவிடும்.

பள்ளியில் என் மகனை ‘மதராசி’, ‘காலியா’ (கறுப்பன்) என்று சீண்டுகிறார்கள். நான் பயப்பட வேண்டுமா?

அவன் யாரையாவது அடித்துவிடுவான் என்றா? அந்தப் பயம் அநேகமாகத் தேவையில்லை. அவன் உள்ளுக்குள் ஒடுங்கிப்போகிறானா என்று பாருங்கள். ‘நீ திருப்பிக் கொடுடா’ என்றோ, ‘கண்டுக்காதே’ என்றோ சொல்லி முடித்துவிடாதீர்கள். வகுப்பில் இல்லாவிட்டாலும் வேறு எங்காவது அவனுக்கென்று ஒரு இடம் வேண்டும். கட்டடத்து கிரிக்கெட் கூட்டம், கேரம் போர்டு, கோயில் பஜனை, எதுவானாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நண்பன் இருந்தாலே பெரிய வித்தியாசம். ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை மறந்துபோகும். அப்புறம் ஒன்று: நம் வீட்டுப் பிள்ளைகள் ‘பையா’ என்று வட இந்தியர்களில் யாரைக் கேலி செய்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள்.

பதினாறு வயதுப் பையன் ரத்தம் தெறிக்கும் கதைகள் எழுதுகிறான். அது அறிகுறியா?

எழுதுவது மட்டும் அறிகுறி ஆகாது. அப்படிப் பார்த்தால் பாதி எழுத்தாளர்களை உள்ளே வைக்கவேண்டும். கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு: குறிப்பிட்ட ஒருவரின் பெயர், நாள், இடம் என்று பேசுவது, ஆயுதம் தேடுவது, முன்பு இப்படிச் செய்தவர்களை நாயகர்களாகக் கொண்டாடுவது, திடீரென்று எல்லோரையும் விட்டு விலகுவது. அமெரிக்கப் பள்ளிகளில் 1974 முதல் 2000 வரை நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு ரகசிய சேவைப் பிரிவும் கல்வித் துறையும் ஆராய்ந்தன. பத்தில் ஏழு பேர் தங்களை யாரோ சீண்டியதாக, துன்புறுத்தியதாக உணர்ந்தவர்கள். பத்தில் எட்டுச் சம்பவங்களில் தாக்கப்போவது முன்கூட்டியே யாரோ ஒருவருக்காவது தெரிந்திருந்தது, பெரும்பாலும் சக மாணவனுக்கு. அதனால் பையனின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிப்பதைவிட அவன் நண்பர்கள் உங்களிடம் தயங்காமல் பேசும்படி வீட்டை வைத்திருப்பது பயன் தரும்.

சந்தேகம் உறுதியானால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. யாருக்காவது உடனடி ஆபத்து என்றால் 112.